தலைக்குருத்து

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நண்பர் ஒருவர் எம் இல்லத்திற்கு வந்திருந்தார். மாடியில் வரிசையாக வைத்திருக்கும் தொட்டிகளைச் சுற்றிப் பார்த்தார். துஜா, ஜூனிபர், சைப்ரஸ், போடோகார்ப்பஸ், அராகேரியா என்று ஒவ்வொன்றின் பெயரையும் நாம் சொல்லச் சொல்லப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், கடைசித் தொட்டியின் அருகே நின்று ஒரு கேள்வி கேட்டார்: “பூ இல்லை, பழம் இல்லை, நின்று இளைப்பாற நிழலும் இல்லை. பஞ்சவர்ணமும் சப்பட்டையும் காய்த்துக் குலுங்குகிற ராஜபாளையத்து மண்ணில் இந்த மரங்களை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்?”

நாம் சிரித்துச் சமாளித்தோம். தேநீர் அருந்திவிட்டு நண்பர் விடைபெற்றுச் சென்றார். அவர் கேட்ட கேள்வி மட்டும் போகாமல் மாடியிலேயே நின்றுவிட்டது. அதற்குரிய விடையை எழுதிப் பார்க்கலாம் என்றே இதனைத் தொடங்குகிறோம்.

ஊசியிலை மரம் எம் வீட்டிற்குள் வந்தது எம் அத்தாவின் கையால். 1979ஆம் ஆண்டு உதகமண்டலம் சென்றிருந்த அவர், அங்குள்ள அரசினர் தாவரவியல் பூங்காவைக் கண்டு மனம் பறிகொடுத்துத் திரும்பினார். 1848ஆம் ஆண்டில் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்னும் தோட்டக்கலை வல்லுநரின் பொறுப்பில் உருப்பெறத் தொடங்கிய பூங்கா அது. உலகின் பல திசைகளிலிருந்தும் வந்த ஊசியிலை மரங்கள் அங்கே தாய்மண்ணில் நிற்பனபோல் நிற்கின்றன. திரும்பும் வழியில் ஒரு நாற்றுப் பண்ணையில் சாண் உயர அராகேரியாக் கன்று ஒன்றை வாங்கி, எண்ணெய்த் தகர டப்பாவில் வைத்து, மேட்டுப்பாளையம், கோவை, மதுரை என்று பேருந்து மாறி மாறி மடியிலேயே சுமந்து வந்தார். கொல்லையில் கிணற்றுக்கு மேற்கே குழி வெட்டி, அதனை நட்டார்.

மற்ற மரங்கள் வளர்வதுபோல் அது வளரவில்லை. நடுவே ஒரே ஒரு குருத்து மேலே செல்லும். சிறிது உயர்ந்ததும் நின்று, சுற்றிலும் சக்கரம்போல் கிளைகளை விரிக்கும். பிறகு மறுபடியும் குருத்து உயரும். மறுபடியும் ஓர் அடுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் இராஜகோபுரம் பதினொரு நிலைகளோடு 192 அடி உயரத்தில் எழுந்து நிற்பதை எம் பக்கத்தார் அனைவரும் அறிவர். அந்தச் சாலையில் செல்லும்போதெல்லாம் அத்தா அதைச் சுட்டிக்காட்டி, “நம்ம வீட்டு மரமும் இப்படித்தான், நிலை நிலையாக் கட்டுது” என்பார். எம் கோபுரத்திற்கு எத்தனை நிலைகள் வந்தன என்று எண்ணுவது சிறு வயதில் எமக்குப் பெருநாள் வேலைகளுள் ஒன்று.

அந்த மரத்தில் அத்தாவை உறுத்திய குறை ஒன்றுண்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆனபோது அது தெற்கே சாயத் தொடங்கியது. ஆடிக்காற்றின் வேலை என்றார் அத்தா. வடக்கே ஒரு முளை அடித்து, தேங்காய் நார்க் கயிற்றால் இழுத்துக் கட்டினார். இரண்டு ஆண்டுகளில் கயிறு இற்றுப் போயிற்று; மரம் சாய்ந்தபடியே உயர்ந்தது. எம் ஊர் ஆடிக்காற்று மேற்கேயிருந்து வீசுவது. அதனால் தள்ளப்பட்ட மரம் கிழக்கே அல்லவா சாய வேண்டும்? இந்த எளிய கேள்வி அப்போது எங்கள் எவருக்கும் தோன்றவில்லை.

2004ஆம் ஆண்டு மரம் இரண்டு மாடிகளைத் தாண்டி நின்றது. அந்த ஆண்டு ஆடிக்காற்றில் அதன் உச்சி ஆடிய ஆட்டத்தைக் கண்டு, “சாய்ந்த மரம்; என்றைக்காவது கூரைமேல் விழும்” என்றனர் அக்கம்பக்கத்தார். அத்தா ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றிருந்தார். எம் சொந்தப் பொறுப்பில், தென்னை ஏறுபவர் ஒருவரை அழைத்து, உச்சியிலிருந்து எட்டடியை அறுத்து இறக்கினோம். வீட்டைக் காப்பாற்றிவிட்ட பெருமிதம் அன்று மாலை வரை எமக்கு இருந்தது.

அத்தா வந்தார். கொல்லையில் நின்று அண்ணாந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. “மரத்துக்குத் தலை ஒண்ணுதான்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிரவு அவர் உண்ணாமல் படுத்தது, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எமக்கு ஆறாமல் இருக்கிறது.

செய்ததற்குப் பரிகாரம் தேட விரும்பினோம். அறுத்த மரத்தின் உச்சித் துண்டையும், சில பக்கக் கிளைகளின் நுனிகளையும் மணலில் ஊன்றி, ஈரத்துணி சுற்றிக் காத்தோம். உச்சித் துண்டு சில வாரங்களில் கருகிற்று. பக்கக் கிளைகளுள் ஒன்று மட்டும் பல மாதங்கள் கழித்து வேர் பிடித்தது. ‘தலை போனாலும் ஒரு பிள்ளை பிழைத்தது’ என்று மகிழ்ந்து தொட்டியில் வைத்தோம். ஆனால் அந்தப் பிள்ளை எழுந்து நிற்கவில்லை. தரையோடு தரையாக, ஒரு கிளை எப்படி நீளுமோ அப்படியே படுக்கையாக நீண்டது. குச்சி நட்டு நிமிர்த்திக் கட்டினோம். கட்டிய இடத்துக்கு அப்பால் மறுபடியும் படுத்தது.

பின்னர் நூல்களைப் புரட்டியபோது காரணம் விளங்கிற்று. அராகேரியாவில் மேல்நோக்கி வளரும் தன்மை நடுத்தண்டுக்கு மட்டுமே உரியது. பக்கக் கிளை வேர் விட்டுத் தனி மரமாகி எத்தனை ஆண்டுகள் ஆனாலும், தான் பக்கக் கிளை என்பதை மறப்பதே இல்லை. நிமிர்ந்த மரம் வேண்டுமானால் விதையிலிருந்து வளர்க்க வேண்டும். அல்லது தலைக்குருத்தையே வேர்விடச் செய்ய வேண்டும். நாம் அறுத்தெறிந்தது எட்டடி மரம் அன்று. திரும்பப் பெற முடியாத ஒரு திசை.

அடுத்த மழைக்காலத்தில் வெட்டுவாயைச் சுற்றி மூன்று குருத்துகள் மேல்நோக்கிக் கிளம்பின. மூன்றையும் விட்டால் மரம் சூலாயுதம்போல் ஆகிவிடும். ஒரு நாள் காலையில் அத்தா எம்மைக் கொல்லைக்கு அழைத்தார். “மூணுல எது தலைன்னு நீயே பாத்துச் சொல்லு” என்றார். வெட்டியவன் கையிலேயே தெரிவு செய்யும் பொறுப்பையும் கொடுத்தார். அதைவிடப் பெரிய மன்னிப்பை நாம் இன்றுவரை எவரிடமும் பெற்றதில்லை. ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்தபின், திரண்டு நின்ற ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்கினோம். 2006இல் அத்தா காலமானார். மரம் இன்றும் நிற்கிறது. உயரத்தில் ஒரு முழங்கை மடங்கியதுபோல் வளைவு தெரியும். அதற்குமேல் மீண்டும் ஒற்றைத் தலை.

ஒரு மரத்திற்குச் செய்த தீங்கு எம்மை அந்த இனம் முழுவதற்கும் மாணவராக்கிற்று. பெங்களூரு லால்பாக், உதகை, கொடைக்கானல் என்று போகும் இடமெல்லாம் கன்று வாங்கினோம். முதல் சில ஆண்டுகள் மாடி ஒரு மயானமாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தேவதாரு ஒரு கோடையைக்கூடத் தாண்டவில்லை. மெக்சிகோ நாட்டுப் பைன் இரண்டாம் கோடையில் போயிற்று. தேவதாரு இமயத்தின் மரம். பனிக்காலத்தில் உறங்கி, இளவேனிலில் விழித்துப் பழகியது. சித்திரை, வைகாசியில் இங்கே பகல் வெப்பம் 38, 40 பாகை வரை ஏறும்; இரவிலும் நன்கு தணியாது. பகலெல்லாம் தேடிய உணவை இரவெல்லாம் மூச்சுவிட்டே செலவழித்துவிட்டு, மரம் கடனாளியாகிச் சாகிறது.

இந்த இனத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு: இறந்த செய்தியைத் தாமதமாகத்தான் சொல்லும். வேர் அழுகிப் பல வாரங்கள் ஆன பின்னும் இலை பச்சையாகவே இருக்கும். நாமும் தவறாமல் நீர் ஊற்றிக்கொண்டிருப்போம். ஐயம் வந்தால் நகத்தால் பட்டையை மெல்லக் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரப் பச்சை இருந்தால் உயிர் உண்டு. பழுப்பு என்றால் காரியம் முடிந்தது.

பிழைத்தவை எவை என்பதையும் சொல்லிவிடுகிறோம். எம்மைப்போல் இறங்குவோர்க்குப் பயன்படும். அராகேரியா சமவெளியிலும் நன்கு வாழும். துஜா வாழும், போடோகார்ப்பஸ் வாழும். சீன ஜூனிபர் பிற்பகல் வெயிலுக்கு நிழல்வலை கட்டினால் பிழைக்கும். இவற்றுக்கு வேரடியில் நீர் தேங்குவதே முதல் பகை. ஊருக்குக் கிழக்கே கிடைக்கும் கரிசல் மண்ணைத் தொட்டியில் இட்டு, மழைக்காலம் முடியுமுன் நான்கு செடிகளை இழந்தோம். பருத்திக்கு அமுதமான மண் இவற்றுக்கு நஞ்சு. இப்போது செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, சலித்த செங்கல் துண்டு ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் அரைப் பங்கு என்று கலக்கிறோம். உப்புக் கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்து, ஐப்பசி, கார்த்திகை மழைநீரைத் தொட்டியில் சேமித்து ஊற்றுகிறோம். தொட்டி மாற்றும்போது வேரில் ஒட்டிய பழைய மண்ணை முழுவதும் உதறுவதில்லை. வேரோடு கூடி வாழும் நுண்ணிய பூஞ்சைகள் அதில் உள்ளன; அவற்றையும் குடியேற்றினால்தான் செடி புதிய இடத்தில் கால் ஊன்றும். வறண்ட காலத்தில் சிவப்புச் சிலந்திப் பேன் வந்து ஜூனிபரின் பசுமையைச் சாம்பல் பூத்ததாக்கிவிடும். நாள்தோறும் இலைகளின் அடிப்புறம் நனையும்படி நீர் தெளிப்பதே எம் முதல் மருந்து.

வளைத்துப் பழக்குவதற்கு அலுமினியக் கம்பி போதும். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்குள்ள கம்பியைச் சாய்வாகச் சுற்றி, ஒரே நாளில் அன்றிப் பல நாள்களில் சிறிது சிறிதாக வளைக்க வேண்டும். கம்பி பட்டையைக் கடிக்குமுன் எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போதும் சுற்றைப் பிரிக்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுப்பதே கிளைக்கு நல்லது. மழைக்காலத்தில் எம் ஊரில் கிளை விரைந்து பருக்கும். ஒரு மாதம் கவனியாது விட்ட ஜூனிபர் ஒன்றில் கம்பித் தழும்பு இன்றும் திருகாணிபோல் தெரிகிறது.

ஆனால் கம்பியைவிடக் கத்தரிக்கோலே ஆபத்தானது. அதை எமக்குக் கற்பித்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரைச் சேர்ந்த முதிய தோட்டக்காரர் ஒருவர். பெரியாழ்வார் நந்தவனம் அமைத்துப் பூமாலை தொடுத்ததாகப் போற்றப்படும் ஊர் அது. அங்கே தோட்ட வேலை பழைய தொழில். சவுக்கை மயிலாகவும் யானையாகவும் வெட்டி நிறுத்துவதில் அந்த முதியவர் கைதேர்ந்தவர். அடர்ந்து பரந்துவிட்ட துஜா ஒன்றை அவர் சவுக்கை வெட்டுவதுபோலவே நாமும் ஒட்ட வெட்டினோம். வெளிப்பச்சை முழுவதும் போய், உள்ளே பழுப்புக் குச்சிகள் மட்டும் நின்றன. தளிர்க்கும் என்று மூன்று மாதம் காத்திருந்தோம். தளிர்க்கவில்லை. அவரை அழைத்து வந்து காட்டினோம்.

“அண்ணாச்சி, உங்க சவுக்கு மட்டும் எப்படி வெட்ட வெட்டத் துளிர்க்குது?” என்று கேட்டோம்.

“சவுக்கு தப்பைப் பொறுக்கும், பாய். நீங்க வளக்குறது பொறுக்காது. பச்சை இருக்கிற வரைக்கும்தான் இதுல கத்தி போகலாம். பச்சையைத் தாண்டுனா திரும்பி வராது” என்றார் அவர்.

அவர் கைப்பழக்கத்தில் கண்டதைத் தாவரவியலும் சொல்கிறது. சவுக்கு தோற்றத்தில் ஊசியிலை மரம்போல் இருப்பினும் அந்த இனம் அன்று, பூக்கும் தாவரம். ஊசி இலை என நாம் கருதுவது கணுக்கணுவான மெல்லிய பச்சைக் கிளை. உண்மையான இலைகள் அந்தக் கணுக்களில் சிறு பற்களாகத் தேய்ந்துவிட்டன. அதன் பழைய கிளைகளிலிருந்து புதுத்தளிர் வரும். துஜா, சைப்ரஸ், ஜூனிபர் முதலியவற்றின் முதிர்ந்த வெற்றுக் கிளையில் மீண்டும் எழுப்பத்தக்க மொட்டுகள் அநேகமாக இல்லை. ஆகவே வெட்டுமுன் இலைத்திரளை விரலால் விலக்கி, வெட்டும் இடத்திற்குக் கீழே பச்சை எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பதே இக்கலையின் முதற்பாடம்.

இத்தனை இழப்புகளையும் கண்ட பிறகு, ‘அந்நிய மண்ணின் மரங்களை இங்கே ஏன் துன்புறுத்த வேண்டும்?’ என்ற எண்ணம் எமக்கே வந்ததுண்டு. ஆனால் இந்த இனம் தமிழ் மண்ணுக்கு முற்றும் அந்நியமன்று. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த அடிமரம் ஒன்று கிடக்கிறது. அதனைப் பற்றி 1940இல் புவியியல் ஆய்வுத் துறையின் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் முதன்முதலில் உலகுக்கு அறிவித்தார். ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள அந்த மரம், சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஊசியிலை மரம் என்பர். பூக்கும் தாவரங்கள் பெருகி உலகைத் தமதாக்கிக்கொள்ளுமுன், இவையே காடுகளை ஆண்டன.

அந்தப் பரம்பரையில் தென்னகத்தில் இன்றும் தானாக வளர்வது ஒன்றே ஒன்றுதான். நாகெயா வாலிச்சியானா என்பது அதன் தாவரவியற் பெயர். எம் வீட்டு மாடியில் நின்றால் மேற்கே தெரியும் மலைத்தொடரின் தென்பகுதியில், அகத்தியர் மலை முதலிய இடங்களின் மழைக்காடுகளில் அது வாழ்கிறது. ஊசியிலை இனம் என்று பெயரே தவிர, இலை அகலமானது. கண்டால் எவரும் ஊசியிலை மரம் என்று சொல்லார். உதகைக்கும் பெங்களூருக்கும் அலைந்து கன்று சேர்த்த எமக்கு, எம் மலைத்தொடரே இந்த இனத்தில் ஒன்றை வைத்திருக்கிறது என்பது மிகப் பிந்தித்தான் தெரிந்தது. அதைக் கொண்டுவந்து தொட்டியில் அடைக்கும் எண்ணம் எமக்கில்லை. எம் பக்கத்து மலைக்காடு 1988இல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாகி, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்திலும் சேர்ந்துவிட்டது. காட்டுக்குரியது காட்டில் இருக்கட்டும்.

இனி, சாய்வின் கதை. 2017ஆம் ஆண்டில் அறிவியலார் சிலர் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அராகேரியாவில் இரண்டு இனங்கள் பெரிதும் குழப்பிக்கொள்ளப்படுகின்றன: ஒன்று நார்போக் தீவுக்குரியது, மற்றது நியூ கலிடோனியாவுக்குரிய குக் பைன். இரண்டு தீவுகளையும் கேப்டன் குக் 1774இல் ஒரே கடற்பயணத்தில் கண்டார். வெப்ப நாடுகளில் நார்போக் பைன் என்று விற்கப்படுவனவற்றுள் பல உண்மையில் குக் பைன்களே. உலகெங்கும் உள்ள குக் பைன்களை அளந்து பார்த்த அந்த அறிவியலார், அவை நிலநடுக்கோட்டை நோக்கிச் சராசரியாக எட்டரைப் பாகை அளவு சாய்கின்றன என்று கண்டனர். வட பாதியில் நின்றால் தெற்கே. தென் பாதியில் நின்றால் வடக்கே. எம் கொல்லை மரமும் அந்த இனம்தான்.

அதைப் படித்த அன்று நெடுநேரம் கொல்லையில் நின்றோம். காற்று தள்ளியதும் இல்லை. மரம் விழ இருந்ததும் இல்லை. சாய்ந்து நிற்பதே அதன் நேர்மை. அத்தா கயிற்றால் திருத்த முயன்றார். நாம் அரத்தால் தலையையே கொய்தோம். இருவரும் குறை என்று கண்டது அதன் குணம். பழக்குவது என்பது, எதைப் பழக்குகிறோமோ அதன் இயல்பை முதலில் நாம் பழகிக்கொள்வது என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தோம்.

நண்பரின் கேள்விக்கு வருவோம். பாரசீகக் கவிஞர்கள் ‘ஸர்வ்’ எனப் போற்றும் சைப்ரஸ் மரமும் கனி தராததே. மொகலாயர் தம் தோட்டங்களில் நீரோடைகளின் இருமருங்கும் அதை வரிசையாக நட்டனர். கனி தராத அதனை மட்டும் ‘சுதந்திர மரம்’ என்று அழைப்பானேன் என்னும் வினாவை ஸஅதி, 1258இல் இயற்றிய குலிஸ்தானில் எழுப்புகிறார். காய்க்கும் மரத்திற்குச் செழிக்கும் பருவமும் வாடும் பருவமும் உண்டு. ஸர்வுக்கு அந்தக் கட்டு இல்லை, எப்போதும் பசுமையே என்பது அங்கே கிடைக்கும் விடையின் கருத்து. நண்பரே, அந்த விடை பெரியோருக்குரியது. எம் விடை சிறியது. பூவும் கனியும் தரும் மரங்கள் எம் பிழைகளை அடுத்த பருவத்தில் மறந்துவிடுகின்றன, இவை மறப்பதில்லை. ஆகவே கத்தியை எடுக்குமுன் ஒரு நாழிகை நின்று பார்க்க இவை எம்மைப் பழக்கியிருக்கின்றன.

அன்று வேர் பிடித்த பக்கக் கிளை இப்போதும் மாடியில் ஒரு தொட்டியில் படுத்தபடியே வாழ்கிறது. குச்சியையும் கட்டையும் எப்போதோ எடுத்துவிட்டோம். தொட்டியை உயரமான மேடைமேல் வைத்து, அது விரும்பும் பக்கம் நீள விட்டிருக்கிறோம். வருவோர் அதைத்தான் அழகு என்கிறார்கள்.

சென்ற வாரம் எம் மகன் துஜா ஒன்றைச் சீர்செய்யக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தான். இலைத்திரளை விரலால் விலக்கி உள்ளே பார்த்தான். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இங்கே பச்சை இருக்கு அத்தா, வெட்டலாமா?” என்று கேட்டான். குனிந்து பார்த்தோம். இருந்தது.

“வெட்டு” என்றோம்.